அறிவியல், கணித ஆசிரியர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் செயற்குழுவினருக்கும் பேரவை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆசிரியப் பணிக்கு வர விரும்பும் கல்லூரி மாணவர்களுக்கு நாம் நடத்தும் பயிற்சியில் இவ்வாண்டு விரிவுரைகளைக் குறைத்தோம். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் தவறான விடைகளை மேசைமேல் பரப்பி, அங்கிருந்து தொடங்கினோம். வகைநுண்கணிதத்தை மளமளவென்று போடுகிற மாணவருக்கும், 1/2 + 1/3 = 2/5 என்று ஒரு பிள்ளை ஏன் எழுதுகிறது என்பது பிடிபடுவதில்லை. பாடத்தை அறிவது வேறு, அதைக் கற்பிக்க அறிவது வேறு என்று அமெரிக்கக் கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் 1986இல் எழுதியது இதைப் பற்றித்தான்.

இந்தத் தவறைக் கண்டதும் பயிற்சி மாணவர்கள் நேரே மீச்சிறு பொது மடங்குக்குத் தாவுகிறார்கள். அதற்குமுன் ஒரு கேள்வி வேண்டும்: 2/5 பாதியைவிடக் குறைவாயிற்றே, பாதியோடு இன்னும் கொஞ்சம் கூட்டினால் எப்படிக் குறையும்? பிறகு 6 கட்டமுள்ள காகிதப் பட்டை. பாதிக்கு 3, மூன்றிலொன்றுக்கு 2, ஆக 5/6. பட்டையில் 12 கட்டம் இருந்தாலும் சரி. 10 கட்டம் வரைந்தால் மூன்றிலொன்றில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். தசமத்தில் சிக்கல் வாசிப்பிலேயே வந்துவிடுகிறது. 0.35ஐ ‘புள்ளி முப்பத்தைந்து’ என்றால் 0.5ஐவிடப் பெரிதாகத்தானே தோன்றும்? ‘புள்ளி மூன்று ஐந்து’ என்றே வாசிக்கச் சொன்னோம்.

மின்சுற்றுப் பாடத்தில் பல்பை எரியவைக்க ஆளுக்கு ஒரு 1.5 வோல்ட் செல், அதற்கேற்ற டார்ச் பல்பு, ஒரே ஒரு கம்பித் துண்டு. பல்புக்கு அடிமுனை ஒன்று, பக்கவாட்டு உலோகம் மற்றொன்று என இரு முனைகள். புத்தகப் படத்தில் இது தெரியாததால், செல், கம்பி இரண்டையும் அடியிலேயே தொட்டுவிட்டு ‘பல்பு கெட்டுவிட்டது’ என்பார்கள். மின்சாரம் கடத்தாத எனாமல் பூசிய கம்பியின் நுனியைச் சுரண்டாவிட்டாலும் எரியாது. செல்லின் இரு முனைகளையும் கம்பியால் நேரடியாக இணைத்தால் கம்பி சுடும், செல்லும் தீரும். வெள்ளை எல்இடிக்கு ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். ஒரு செல்லை நம்பி அதைக் கொடுக்கக் கூடாது.

சிறு குழுவுக்கு ஒரு குறும்பாடம் நடத்திப் பழகும் நுண்ணிலைக் கற்பித்தல் வழக்கமான 36 நிமிடச் சுழற்சிதான்: கற்பிக்க 6, பின்னூட்டம் 6, திருத்தி எழுத 12, மறுபடி கற்பிக்க 6, பின்னூட்டம் 6. நேரமில்லை என்று முதலில் வெட்டப்படுவது மறுகற்பித்தல். பயனோ அங்கேதான் இருக்கிறது. பின்னூட்டத்தில் ‘நன்றாக இருந்தது’ என்ற பேச்சைத் தவிர்க்க, பார்வையாளர்களுக்கு ஆளுக்கொரு தனி வேலை கொடுத்தோம். அவர்களில் ஒருவர் கேள்விக்குப் பிந்தைய மௌனத்தை மட்டும் கைபேசிப் பதிவிலிருந்து அளப்பார். ஆசிரியர்கள் சுமார் 1 விநாடியே காத்திருக்கிறார்கள், 3 விநாடி பொறுத்தால் விடைகள் நீளுகின்றன என்று அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டியிருக்கிறார். பதிவைக் கேட்கும்வரை எந்த மாணவரும் தன் அவசரத்தை ஒப்புக்கொள்வதில்லை.

கரும்பலகைப் பயிற்சி வழக்கம்போல் நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

வரும் ஆண்டுக்கு விடைத்தாள்கள் போதாது. உறுப்பினர்கள் தங்கள் வகுப்பின் பழைய தாள்களை, பெயரும் மதிப்பெண்ணும் மறைத்து, பயிற்சி தொடங்குமுன் செயலாளரிடம் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். முழு விடை தேவை. கடைசி வரி மட்டும் இருந்தால் தவறு எங்கே நேர்ந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

இப்படிக்கு,
செயலாளர்