பாடகி நிறுத்தினார், நீங்கள் விளம்பரம் போட்டுவிட்டீர்கள்

பெறுநர்:
தலைமை அதிகாரி,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: இசை விருது விழா நேரலையில் பாட்டு பாதியில் வெட்டப்பட்டது, பதிவு முழுதாக விழாதது, என் மூன்று புகார்கள் பொய்க் காரணம் காட்டி மூடப்பட்டது தொடர்பாக

ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு,

வணக்கம். இது என் நான்காவது புகார். முதல் மூன்றும் "தீர்க்கப்பட்டது" என்று உங்கள் ஆப்பில் பச்சை டிக்கோடு நிற்கின்றன. யார் தீர்த்தார்கள், எதைத் தீர்த்தார்கள் என்று தெரியவில்லை. மூடியதற்கான காரணம் மூன்றிலும் ஒரே வரிதான்: "நிகழ்ச்சி குறித்த வாடிக்கையாளரின் தனிப்பட்ட கருத்து."

ஆகவே ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். யாருக்கு விருது கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதைப் பற்றி நான் புகார் செய்யவில்லை. விருது கொடுத்தது நீங்கள் இல்லை என்பது எனக்கும் தெரியும். காட்டுகிறேன் என்று காசு வாங்கியதை நீங்கள் காட்டவில்லை. அதுதான் புகார்.

நடந்தது இது. விழாவின் அஞ்சலிப் பகுதி. அந்த வருடம் மறைந்த கலைஞர்களின் படங்கள் பின்னால் ஒவ்வொன்றாக வந்து போக, பியானோ மட்டும் துணையாக அவர் பாடிக்கொண்டிருக்கிறார். அவர் என்றால் யாரென்று உங்களுக்கே தெரியும், மூன்று வாரமாக உங்கள் முன்னோட்டம் முழுக்க அவர் முகம்தான். கடைசிச் சரணத்துக்கு முன்னால் ஓரிடத்தில் நிறுத்தினார். பியானோவும் நின்றது. அரங்கத்தில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. அத்தனை பேர் முன்னால், நேரலையில், அப்படி நிறுத்துவதற்குப் பெரிய நெஞ்சுரம் வேண்டும். நாலைந்து வினாடி இருக்கும். அதற்குள் உங்கள் ஆள் யாரோ பாட்டு முடிந்துவிட்டது என்று முடிவு கட்டி விளம்பரத்தைத் தட்டிவிட்டார்.

ஷாம்பு விளம்பரம். முந்தின நொடிவரை குரல் கேட்டுக்கொண்டிருந்த அதே ஸ்பீக்கரில், அதைவிட இரண்டு மடங்கு சத்தமாக. அப்புறம் ஒரு கார், அப்புறம் உங்களுடைய சொந்த விளம்பரமே: "ஒரு கணத்தையும் தவறவிடாதீர்கள்." திரும்பி வந்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தது. பாடகி கண்ணைத் துடைத்தபடி மேடையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார். எதற்குக் கைதட்டுகிறார்கள், அவர் ஏன் அழுதார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

என் நண்பர்களுக்குத் தெரியும். எங்கள் குழுவில் ஆறு பேர். அவரவர் வீட்டில் உட்கார்ந்து, பார்க்கப் பார்க்க எழுதிக்கொள்வோம், வருடாவருடம் இப்படித்தான். மற்ற ஐந்து பேரும் வேறு சேவையில் பார்த்தார்கள். ஷாம்பு நுரைக்கு நடுவில் அவர்களுடைய செய்திகள் வந்து விழுந்தன. "அந்தக் கடைசி வரி!" "ஐயோ அந்தக் குரல் உடைஞ்ச இடம்!" எந்த வரி? எந்த இடம்? இவ்வளவு நாள் இந்தக் குழுவில் நான்தான் முதலில் கருத்துச் சொல்கிற ஆள். அன்றைக்கு ஒரு வார்த்தை எழுத என்னிடம் இல்லை.

சரி, பதிவில் பார்த்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பதிவிலும் ஷாம்புதான் இருந்தது என்பது பிறகுதான் உறைத்தது. அதுவாவது போகட்டும். விழா நேரம் கடந்து ஓடியது. விருது விழாக்கள் எப்போதும் நேரம் கடந்துதான் ஓடும், இது உலகம் அறிந்த விஷயம். ஆனால் உங்கள் செட்-டாப் பாக்ஸ் அட்டவணையில் போட்டிருந்த நேரத்தில் பதிவை நிறுத்திவிட்டது. கடைசி விருது, ஆண்டின் சிறந்த ஆல்பம். அறிவிப்பாளர் உறையைப் பிரிக்கிறார், உள்ளே பார்த்துச் சிரிக்கிறார், திரை கறுப்பு. முடிவை அடுத்த நாள் சினிமாக் கதையைச் சொல்வதுபோல் நண்பர்கள் எனக்குச் சொன்னார்கள். (தப்பான முடிவு. ஆனால் அது என் புகார் இல்லை.)

நேரலை ஓடும்போதே அந்த நீலப் பொத்தானை அழுத்திப் பின்னால் போய்ப் பார்த்திருக்கலாமே என்று உங்கள் ஊழியர் ஒருவர் கேட்டார். நீலப் பொத்தான் எந்த லட்சணத்தில் வேலை செய்கிறது என்று உங்களுக்கே தெரியும். நேரலையில் அது சாம்பல் நிறமாகிவிடும். அது தெரியாதவரை ஏன் போன் எடுக்க உட்கார வைக்கிறீர்கள்?

இப்போது என் இரண்டாவது அழைப்பை எடுத்த மனிதருக்கு வருகிறேன். உண்மையில் இந்தக் கடிதமே அவரால்தான். முதலில் பேசிய பெண் "பாக்ஸை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்" என்றார். பண்ணினேன். போன வாரப் பாட்டு அதனால் திரும்பி வரவில்லை. ஆனாலும் அவர் மரியாதையாகப் பேசினார், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, தயவுசெய்து அவரை எதுவும் சொல்லிவிடாதீர்கள். இரண்டாவது அழைப்பில், நாற்பது நிமிடம் உங்கள் காத்திருப்பு இசையைக் கேட்ட பிறகு, இவர் வந்தார். நான் முழுவதும் சொல்லி முடிக்கவில்லை, மௌனம் என்ற சொல்வரைக்கும்தான் வந்திருந்தேன். இடையில் புகுந்து, "மேடம், உங்க ஃபேவரிட் ஜெயிக்கலைன்னா அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் அவருடைய மேலாளரைக் கேட்டேன். "பாட்டுதானே மேடம், நெட்ல தேடினா கிடைக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பாட்டுதானே. அந்தச் சொல் பத்து நாளாக என் காதில் ஓடிக்கொண்டிருக்கிறது. பாட்டு நெட்டில் கிடைக்கும் என்றால் நான் உங்களுக்கு ஏன் வருடச் சந்தா கட்டுகிறேன்? உங்கள் பாக்கேஜில் நான் பார்க்கிற நிகழ்ச்சி வருடத்துக்கு இது ஒன்றுதான். சீரியல் பார்ப்பதில்லை, கிரிக்கெட் பார்ப்பதில்லை. ஆக நீங்கள் கெடுத்தது நாற்பது வினாடியை இல்லை, என்னுடைய முழு வருடத்தை.

ஜெயிப்பது தோற்பது பற்றி அவர் எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அமெரிக்கப் பாடகி பியான்சே, அங்கே இசைக்கான பெரிய விருதான கிராமியில், ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான விருதை 2025இல்தான் வாங்கினார், அதுவரை ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து பார்த்தவள் நான். தபலா மேதை ஜாகிர் உசேன் 2024 பிப்ரவரியில் ஒரே விழாவில் மூன்று கிராமி வாங்கினார், அதே டிசம்பரில் மறைந்தார். அடுத்த விழாவின் தொலைக்காட்சி அஞ்சலியில் அவர் படமே வரவில்லை. ரசிகர்கள் கொதித்தார்கள், நானும் கொதித்தேன். அது விழா நடத்தியவர்களின் தவறு, அதற்காக எந்த ஒளிபரப்பு நிறுவனத்துக்கும் நான் கடிதம் எழுதவில்லை. எது யாருடைய தவறு என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியும். அஞ்சலிப் பகுதி ரசிகர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு விளங்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

மூன்றாவது அழைப்பில் ஒருவர், "லைவ்னா அப்படித்தான் மேடம், யாராலயும் கன்ட்ரோல் பண்ண முடியாது" என்றார். அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருப்பது வெட்கக்கேடு. நேரலை என்று சொன்னாலும் நடுவில் தாமதம் வைத்துக்கொள்ள முடியும். 2004இல் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் இடைவேளையில், பாடகி ஜேனட் ஜாக்சனின் உடை கிழிந்து சர்ச்சை வெடித்ததும், அடுத்த வாரமே கிராமி விழாவை ஐந்து நிமிடத் தாமதத்தோடு ஒளிபரப்பினார்கள். ஒரு சட்டைக் கிழிசலைப் பார்த்துப் பயந்து ஐந்து நிமிடம் தாமதிக்க முடிந்தது. ஒரு பாட்டு முடிந்ததா இல்லையா என்று பார்க்க உங்களால் ஐந்து வினாடி பொறுக்க முடியவில்லை.

மேடையில் கோளாறு நடப்பதை நான் மன்னிப்பேன். 2016 கிராமியில் பிரிட்டிஷ் பாடகி அடெல் பாடும்போது பியானோவுக்குள் மைக் விழுந்து கம்பிகளில் கிடந்து சத்தம் போட்டது. 2017இல் மெட்டாலிகா ராக் குழுவின் பாடகர் ஹெட்ஃபீல்டுக்கு மைக்கே வேலை செய்யவில்லை, கூடப் பாடிய லேடி காகாவின் மைக்கில் முகத்தை ஒட்டிக்கொண்டு பாடினார். அவை விபத்து. நீங்கள் செய்தது பிரிட்டனின் இசை விருதான பிரிட் விருதுகளில் 2012இல் அடெலுக்குச் செய்த மாதிரியானது. நேரமாகிவிட்டது, அடுத்து பிளர் இசைக்குழு வாசிக்க வேண்டும் என்று அவருடைய நன்றியுரையைப் பாதியில் நிறுத்தினார்கள், அவர் நடுவிரலைக் காட்டினார். 2014 கிராமியின் கடைசி இசையைப் பாதியில் வெட்டியபோது, அதில் வாசித்த இசைக்கலைஞர் டிரென்ட் ரெஸ்னர் ட்விட்டரில் எல்லோரும் பார்க்கவே திட்டித் தீர்த்தார். அடெலிடம், பிரிட் விழாவை ஒளிபரப்பிய ஐடிவி மன்னிப்புக் கேட்டது. என்னிடம் நீங்கள் கேட்கவில்லை. நான் அடெல் இல்லை, சரி. ஆனால் சந்தா கட்டுகிறவள்.

சேவை மையத்துக்குப் போன கதையை விட்டுவிட்டேன். ஆப்பில் "பாக்ஸைக் கொண்டு வரவும்" என்று வந்தது. அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பாக்ஸைத் துணிப்பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். அங்கே சுவர் டிவியில் என்ன ஓடிக்கொண்டிருந்தது தெரியுமா? அதே விழாவின் மறுஒளிபரப்பு. நான் எழுந்து நின்றுவிட்டேன். இதோ வருகிறது, இதோ வருகிறது என்று பார்க்கிறேன், அஞ்சலிப் பாட்டு மொத்தமாக இல்லை. தொகுப்பாளர் ஒரு நகைச்சுவை சொன்னார், நேரே அடுத்த விருதுக்குப் போய்விட்டார்கள். மறுஒளிபரப்புக்கும் பிறகு ஆப்பில் பார்ப்பதற்கும் பாட்டின் உரிமையைத் தனியாக வாங்க வேண்டியிருக்கலாம், அதனால் வெட்டியிருக்கலாம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அப்படியென்றால் நேரலை ஒன்றுதான் எங்களுக்கு இருந்த ஒரே வாய்ப்பு. அதையாவது ஒழுங்காகக் காட்டியிருக்க வேண்டாமா?

என் டோக்கன் வந்ததும் கவுண்டரில் இருந்தவர் ரிமோட் எங்கே என்று கேட்டார். ரிமோட்டும் வேண்டும் என்று ஆப்பில் இல்லை. ரிமோட் இல்லாமல் பாக்ஸை எடுக்க முடியாதாம். மறுநாள் ரிமோட்டோடு போனேன், இன்னொரு அரை நாள். ரிமோட்டைத் தொடாமலேயே, பாக்ஸை ஒரு கம்பியில் மாட்டி, "பாக்ஸ் நல்லா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். பாக்ஸ் நன்றாக இருக்கிறது என்று நான்தான் முதல் நாளே சொன்னேனே! அன்று சாயங்காலம் மூன்றாவது பச்சை டிக் வந்தது. தனிப்பட்ட கருத்து.

நான் கேட்பது பெரிதல்ல. வெட்டப்படாத முழு அஞ்சலிப் பாட்டையும், விடுபட்ட கடைசி விருதையும் எனக்குக் காட்ட ஏற்பாடு செய்யுங்கள். உரிமை இல்லை என்றால் அதை எழுத்தில் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். இந்த வருடச் சந்தாவைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது ஒரு வருடம் நீட்டுங்கள். நேரலை நேரம் கடந்தால் பதிவும் கூடவே நீள வேண்டும், இது என் ஒருத்திக்காகக் கேட்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த "தனிப்பட்ட கருத்து" என்ற வரியை மூன்று புகார்களிலிருந்தும் எடுத்துவிட்டு "ஒளிபரப்புக் கோளாறு" என்று போடுங்கள். சந்தாவைக்கூட விட்டாலும் விடுவேன், இதை விடமாட்டேன்.

பதினைந்து நாள் பொறுத்திருக்கிறேன். நீங்கள் மரியாதையாகப் பதில் சொன்னால் நானும் மரியாதையாக ஏற்றுக்கொள்வேன், இவ்வளவு வருடமாக உங்களோடுதான் இருக்கிறேன். பதில் வரவில்லை என்றால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகிறேன். காத்திருந்த நாற்பது நிமிடத்துக்கும் என் போனில் பதிவு இருக்கிறது, "பாட்டுதானே" என்பதும் அதில் இருக்கிறது. எங்கள் குழுவில் ஒருவர் வழக்கறிஞர். அவரும் அன்றிரவு அந்தப் பாட்டை முழுதாகக் கேட்டவர்.

இப்படிக்கு,
பதினோரு வருடச் சந்தாதாரர்

இணைப்பு: மூன்று புகார்களின் ஸ்கிரீன்ஷாட்டுகள், இரண்டு டோக்கன் சீட்டுகள், உறை பிரிக்கும் இடத்தில் நிற்கும் பதிவின் புகைப்படம்

பி.கு.: மேலே உள்ள எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றால், தயவுசெய்து இதை மட்டுமாவது அந்த விளம்பரப் பொத்தான் பக்கத்தில் உட்காருகிறவரிடம் சொல்லிவிடுங்கள்: பாடகர் மைக்கிலிருந்து முகத்தை எடுக்கிறவரைக்கும் பாட்டு முடியவில்லை.