பருந்து பார்க்கப் பொதுத் தொலைநோக்கிகள்: உங்கள் உதவியை நாடுகிறோம்

அன்பார்ந்த ஸ்காபரோ உறவுகளுக்கு,

செப்டெம்பர் நடுப்பகுதியில், வடமேற்கிலிருந்து குளிர்காற்று வீசத் தொடங்கிய மறுநாள் காலை, கிங்ஸ்டன் வீதியில் உள்ள ரோசெற்றா மக்லெயின் பூங்காவுக்கு வந்து அண்ணாந்து பாருங்கள். அகலச்சிறகுப் பருந்துகள் கூட்டங்கூட்டமாகத் தென் அமெரிக்கா நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். சிறகடிக்காமல் வட்டமிட்டு உயரும். உச்சிக்குப் போனதும் ஒன்றன்பின் ஒன்றாகச் சறுக்கிச் செல்லும். நாம் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் தெருக்களுக்கு மேலேதான் ஆண்டுதோறும் இந்தப் பயணம்.

அவற்றை இந்தப் பக்கம் திருப்புவது ஒன்ராறியோ வாவி. வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் காற்றில் ஏறித்தான் பருந்து தன் பலத்தை மிச்சம் பிடிக்கிறது. குளிர்ந்த தண்ணீருக்கு மேல் அந்தக் காற்று எழாது. ஆகவே வாவியைக் குறுக்கே கடக்காமல் கரையோரமாக மேற்கே போகும். 90 மீற்றர் வரை உயர்ந்து நிற்கும் ஸ்காபரோ மண்மேடுகளின் விளிம்பில் உள்ள இந்தப் பூங்கா சரியாக அந்த வழியில் இருக்கிறது. ஒக்ரோபரில் வான்கோழிக் கழுகுகளும் செவ்வால் பருந்துகளும் வரும். நவம்பரை ஒட்டிப் பொறுமையாக நிற்பவர்களுக்குப் பொன்கழுகும் தென்படுவதுண்டு.

ஆனால் வெறுங்கண்ணுக்கு இவை புள்ளிகள் மட்டுமே. ஊசியிலை மரத்தில் துள்ளும், ஏறத்தாழ 6 கிராம் எடையுள்ள பொன்முடிக் குருவியும் அப்படித்தான். சத்தம் கேட்கும், உருவம் பிடிபடாது. பறவை பார்க்க நாங்கள் போகும் இலையுதிர்காலக் காலை நடைகளில் இருக்கிற ஓரிரு தொலைநோக்கிகள் கைமாறி முடிவதற்குள் கூட்டம் கடந்துவிடுகிறது. பார்க்காமல் போவது பெரும்பாலும் பிள்ளைகளும் அம்மம்மாமாரும்தான். இது எங்களுக்குப் பெரிய மனக்குறை. மன்னார்க் கரையில் பூநாரைகள் வந்திறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பறவை பார்க்க அவர்களுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கையில் ஒரு தொலைநோக்கியும் இருக்க ஒரு கதிரையும் கொடுத்தால் போதும்.

அதனால் எல்லாருக்கும் பொதுவாக 12 தொலைநோக்கிகள் வாங்கத் தீர்மானித்திருக்கிறோம். 8×42 வகையைத் தெரிவுசெய்தோம். எட்டு மடங்குக்கு மேல் போனால் வயதானவர்களின் கையில் காட்சி நடுங்கும்; 42 மில்லிமீற்றர் வில்லை விடிகாலை மங்கலிலும் தெளிவாகக் காட்டும். ஒன்றின் விலை சுமார் 160 டொலர். தூக்கிப் பிடிக்க முடியாதவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் இருந்தபடியே பார்க்க, முக்காலியில் பொருத்தும் பெரிய தொலைநோக்கி ஒன்று. கூடவே 10 மடக்குக் கதிரைகள். எல்லாமாக 3,000 டொலர் தேவை.

ஐந்து டொலரும் எங்களுக்குப் பெரிதுதான். குடும்பமாகச் சேர்ந்து ஒரு தொலைநோக்கியின் விலையை ஏற்றுக்கொண்டால் மிகவும் நன்றி. வீட்டில் பாவிக்காமல் கிடக்கும் நல்ல தொலைநோக்கி இருந்தால் அதையும் தாருங்கள். ஒன்றை வெளிப்படையாகச் சொல்லவேண்டும்: நாங்கள் பதிவுசெய்த அறக்கட்டளை அல்ல, ஆகவே வருமான வரிக்கான பற்றுச்சீட்டு தர இயலாது. பெற்ற பணத்துக்குக் கையெழுத்திட்ட ரசீது உண்டு. வாங்கியவற்றின் பில்களை எல்லாரும் பார்க்க வைப்போம். கருவிகள் எவருடைய தனிச் சொத்தும் அல்ல. நடை இல்லாத நாட்களில் கேட்பவர்களுக்கு இரவலாகக் கொடுப்போம்.

ஓகஸ்ட் முடிவதற்குள் பணம் சேர்ந்தால்தான் அகலச்சிறகுப் பருந்துகள் வரும் முன் வாங்கி முடிக்கலாம். காலை நடைக்கு வரும்போது எங்கள் பொருளாளரிடம் நேரில் கொடுங்கள். வர முடியாதவர்கள் குழுவில் தெரிந்த ஒருவரிடம் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்து பெற்றுக்கொள்வோம்.

இங்ஙனம்,
காலைப் பறவை நடைக் குழுவினர்