நான்சியில் இருக்கும் மகளுக்கு, கீஷ் பற்றி

லா கூர்னேவ்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பிள்ளைக்கு,

நேற்று நீ எடுத்தபோது நான் வேலை முடிந்து மெத்ரோவுக்குள் நின்றேன். பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. "அப்பா, நான் கீஷுக்குச் சீஸ் போட்டன், எல்லாரும் சிரிக்கினம்" என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது. பிறகு அளவு கேட்டாய். போனில் சொன்னால் ஒரு துண்டுத் தாளில் எழுதித் தொலைத்துவிடுவாய். அதுதான் கடிதமாக எழுதுகிறேன்.

முதலில் சிரித்த பிள்ளைகளைப் பற்றி. அவர்கள் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. நீ இருப்பது பிரான்சின் கிழக்கே, லொரேன் சீமையில். அங்கே பழைய ஆட்களுக்குக் கீஷ் லொரேன் என்றால் அச்சில் விரித்த மாவுக்குள் முட்டை, கிரீம், புகையூட்டிய பன்றி இறைச்சித் துண்டு ஊற்றிச் சுடுவது, அவ்வளவுதான். குரூயேர், எமந்தால் என்று துருவிப் போடுகிற சீஸெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. முட்டையையும் கிரீமையும் அடித்த கலவைக்கு மிகேன் என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை அந்தச் சொல்லை நீயாக எடுத்துவிடு, சிரித்தவர்கள் கொஞ்சம் அடங்குவார்கள். கீஷ் என்ற பெயரும் ஜெர்மன்காரர் கேக்குக்குச் சொல்கிற கூகன் என்பதிலிருந்து வந்ததாகத்தான் சொல்வார்கள். லொரேன் 1766 வரை தனிச் சீமை. நீ வெயில் வந்தால் போய் உட்காருகிற ஸ்தானிஸ்லாஸ் சதுக்கம் அதன் கடைசிக் கோமகனின் பெயரில்தான் இருக்கிறது. எல்லையோரத்து ஊர், வாயும் சாப்பாடும் கலந்துதான் இருக்கும். நம்மிடம் பாணும் குசினியும் போர்த்துக்கீசரிடமிருந்து வரவில்லையா, அதுபோல.

அப்பாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று யோசிப்பாய். வீட்டில் நான் கீஷைப் பற்றி வாய் திறந்ததே இல்லை.

1992இல் நான் வேலைக்குச் சேர்ந்தது பாரிஸில், கார் து லெஸ்த் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், பிரஸரி என்கிற ஒரு சாப்பாட்டுக் கடையில். நீ நான்சிக்கு ரயில் ஏறுகிற அதே ஸ்டேஷன். கிழக்கிலிருந்து வருகிற ரயில்கள் அங்கே வந்து நிற்பதால், அந்தச் சீமைச் சாப்பாட்டுக்கென்றே சுற்றிவரக் கடைகள் இருந்தன. எனக்குக் கோப்பை கழுவுகிற வேலை. ஒன்றரை வருடம் கழுவினேன். செஃப் லொரேன்காரர், அதிகம் பேசமாட்டார். ஒருநாள் காலை உதவிக்கு நிற்கிற பெடியன் வரவில்லை. செஃப் மாவையும் வெண்ணெயையும் என் முன்னால் வைத்து, குழை என்று கையால் காட்டினார்.

குழைத்தேன். ஊரில் அம்மம்மா ரொட்டிக்குக் குழைப்பதைப் பார்த்து வளர்ந்த கை. உள்ளங்கையால் அழுத்தி, இழுத்து, அடித்துக் குழைத்தேன். மா பளபளவென்று வந்தது, எனக்குப் பெருமை. அச்சில் விரித்துப் போறணைக்குள் வைத்தால், சுவர் நாலு பக்கமும் வழுகி உள்ளே விழுந்து, சுருங்கி, செருப்புத் தோல் மாதிரி வந்தது. செஃப் ஏசவில்லை. பேசாமல் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, மறுபடி 250 கிராம் மா நிறுத்து வைத்தார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

விஷயம் இதுதான். கோதுமை மாவில் தண்ணீர் பட்டு, கை பலமாகப் பட்டால் ரப்பர்போல ஒரு பசை உண்டாகும். பரோட்டாவுக்கு அது வேண்டும், அதனால்தான் அடித்து இழுக்கிறோம். கீஷின் மாவுக்கு அது வரவே கூடாது. வெண்ணெய் முதலில் மாவைப் பூசிவிட்டால் தண்ணீர் அவ்வளவு உள்ளே போகாது, பசையும் பிடிக்காது. அதனால் விரல் நுனியால் மட்டும் பிசிறவேண்டும். செஃப் எனக்குக் காட்டியபோது, அட, இது புட்டுக்கு மா பிசிறுகிற கை அல்லவா என்று பட்டது. அன்றிலிருந்து எனக்குப் பிழை வரவில்லை. ரொட்டிக் கையைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுப் புட்டுக் கையால் செய்.

அளவு: மா 250 கிராம், பிரிட்ஜிலிருந்து நேரே எடுத்த வெண்ணெய் 125 கிராம், ஒரு தேக்கரண்டி உப்பு. வெண்ணெயைச் சிறு துண்டாக வெட்டி மாவுடன் பிசிறு. குருணல்போல உதிர்ந்து வந்ததும் குளிர்ந்த தண்ணீர் 50 மில்லிலீட்டர் விட்டு ஒன்றுசேர். சேராவிட்டால் இன்னும் ஒரு கரண்டி, அதற்குமேல் வேண்டாம். உருட்டித் தட்டையாக்கி, சுற்றி, பிரிட்ஜில் ஒரு மணி நேரம் வை. பிறகு 3 மில்லிமீட்டர் தடிப்பில் உருட்டி அச்சுக்குள் போடு. மூலைக்கு எட்டாவிட்டால் இழுக்காதே. இழுத்த மா போறணைக்குள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். முள்ளுக்கரண்டியால் அடியில் குத்திவிட்டு, இன்னும் 15 நிமிடம் பிரிட்ஜில் விடு.

அப்புறம் நிரப்பாமல் வெறும் மாவை முதலில் சுடவேண்டும். இதை விட்டால் அடி வேகாமல் களிபோல இருக்கும். மாவின்மேல் தாள் விரித்து, காய்ந்த கடலையைப் பாரத்துக்குக் கொட்டி, 190 பாகையில் 15 நிமிடம். கடலையையும் தாளையும் எடுத்துவிட்டு இன்னும் 5 நிமிடம். அடித்த முட்டையைக் கொஞ்சம் தொட்டு அடியில் பூசி இரண்டு நிமிடம் திரும்ப வைத்தால் அது ஒரு மெழுகுபோல அடைத்துக்கொள்ளும், ஈரம் கீழே இறங்காது.

அந்தக் கடலையைத் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம், அவிக்கத்தான் முடியாது. ஒருமுறை வேலையில் பழசாகிப் போனதை ஒரு போத்தலில் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தேன். அம்மா நவராத்திரிக்குச் சுண்டலுக்கென்று ஊறப்போட்டுவிட்டாள். பிரஷர் குக்கர் எத்தனை விசில் அடித்தும் கல். கடலைக்காரனை ஏசி, கடையை ஏசி, கடைசியில் என்னிடம் வந்தபோதுதான் சங்கதி வெளியே வந்தது. நீ அப்போது சின்னப் பிள்ளை.

இனி மிகேன். 28 செண்டிமீட்டர் அச்சுக்கு 4 முட்டை, 20 செண்டிலீட்டர் கிரீம், 20 செண்டிலீட்டர் பால். பால் இல்லாமல் முழுக்கக் கிரீமிலேயே செய்கிறவர்களும் உண்டு, அதைச் சாப்பிட்டுவிட்டு வகுப்பில் விழித்திருக்க முடியாது. கிரீம் 30 வீதக் கொழுப்புள்ளதாக வாங்கு. "மெல்லியது" என்று எழுதியிருப்பதை எடுத்தால் தண்ணீர் விடும். நுரை வராமல் கலக்கு. மிளகு, ஒரு சுரண்டல் சாதிக்காய். இறைச்சித் துண்டிலேயே உப்பு இருப்பதால் உப்பைக் கடைசியாக யோசி. இறைச்சித் துண்டு 200 கிராம், எண்ணெய் விடாமல் தாச்சியில் வாட்டிக் கொழுப்பை வடித்துவிடு. அம்மா பன்றி தொடமாட்டாள் என்று உனக்குத் தெரியும். அவள் வரும்போது புகையூட்டிய வான்கோழித் துண்டு வாங்கு.

180 பாகையில் 30, 35 நிமிடம். மணிக்கூட்டைவிடக் கண்ணை நம்பு. ஓரம் உப்பி இறுகியிருக்க, நடு மட்டும் வட்டிலப்பம்போல ஆடவேண்டும். அந்த நிலையில் வெளியே எடு, மிச்சம் சூட்டிலேயே இறுகும். நடுவும் ஆடாமல் நின்றுவிட்டால் நீ பிந்திவிட்டாய். முட்டை அளவுக்கு மிஞ்சிய சூட்டில் சுருங்கித் தண்ணீரைக் கக்கிவிடும். வெட்டும்போது உள்ளே ஓட்டை ஓட்டையாகவும், தட்டில் தண்ணீராகவும் இருந்தால் காரணம் இதுதான். எடுத்தவுடன் வெட்டாதே. 15 நிமிடம் பொறு.

உள்ளே என்ன போடலாம் என்று கேட்டிருந்தாய். என்னவும் போடலாம், தண்ணீரைத் தவிர. காளானைப் பச்சையாகப் போட்டவனும் பசளியைப் பிழியாமல் போட்டவனும் பிறகு மாவைக் குற்றம் சொல்வான். காளானைச் சத்தம் நிற்கும்வரை வதக்கு. பசளியை வாட்டி, ஆறவிட்டு, துணி பிழிவதுபோலப் பிழி, அதோடு ஆட்டுப்பால் சீஸ் நன்றாகச் சேரும். (சீஸுக்கு நான் எதிரி இல்லை. லொரேன் என்று பெயர் வைக்காவிட்டால் நீ எதையும் போடு.) எனக்குப் பிடித்தது லீக்ஸ். மூன்று லீக்ஸை மெல்லிதாக அரிந்து, வெண்ணெயில் சின்ன நெருப்பில் 20 நிமிடம் மூடி, பிறகு திறந்து ஈரம் வற்றவிடு. அதோடு சாமன் மீன். தக்காளி என்றால் முதலில் அடியில் திஜோன் கடுகுப் பசையைத் தடவு, தக்காளியை வெட்டி உப்புத் தூவி அரை மணி நேரம் வடியவிட்டுப் போடு.

நம்முடைய சாமானும் போகும். றாலைத் தூள் போட்டு ஈரம் இல்லாமல் பிரட்டி, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டுச் செய்து பார்த்தேன், அருமை. லாச்சப்பலில், நம் தமிழ்க் கடைகளில், முருங்கை இலை வருகிற நாளில் அதையும் வெங்காயத்தோடு வறுத்துப் போட்டேன். கிரீமுக்குப் பதில் தேங்காய்ப்பால் விட்டதும் உண்டு. இறுகும், ருசியும் உண்டு, ஆனால் கீஷ் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாவிலும் மாற்றம் செய்யலாம். நேரம் இல்லாவிட்டால் கடையில் சுருட்டி விற்கிற பாத் ஃபையெத்தே, அந்த அடுக்கடுக்காக உதிர்கிற மா, வாங்கு, வெண்ணெயில் செய்ததுதானா என்று பெட்டியில் பார். மேலே உதிர்ந்து நன்றாக வரும், அடி மட்டும் கொஞ்சம் நனையும். பழைய காலத்தில் லொரேனில் பாண் மாவில்தான் செய்தார்கள் என்று செஃப் சொல்வார். பீட்சா மா மிஞ்சினால் அதை மெல்லிதாக விரித்துச் செய்துபார், பசிக்கு அதுதான் நல்லது. உருளைக்கிழங்கைத் துருவி, நன்றாகப் பிழிந்து, ஒரு முட்டை வெள்ளை சேர்த்து அச்சில் அப்பி, 200 பாகையில் 25 நிமிடம் சுட்டால் மாவே தேவையில்லை. உன்னோடு படிக்கிற கோதுமை ஒத்துவராத பிள்ளைக்கு அதைச் செய். குரக்கன் மாவும் போட்டேன், 250இல் 80 கிராம். அதில் இழுவை இல்லை, அதற்குமேல் போட்டால் தூக்கும்போது உடைகிறது. அம்மாவுக்கு இதுதான் பிடித்தது, ஊர் மணம் என்றாள்.

அம்மாவுக்கு வெள்ளிக்கிழமையில்தான் தகராறு, முட்டை இல்லாத கீஷ் வேண்டுமாம். தெற்கே மார்செய் பக்கம் பனிஸ் என்று ஒன்று, கடலை மாவைத் தண்ணீரில் காய்ச்சி இறுகவைப்பது. அந்த யோசனையில் 100 கிராம் கடலை மாவை 40 செண்டிலீட்டர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் கிளறித் தடித்ததும் லீக்ஸைச் சேர்த்து, சுட்ட மாவில் கொட்டிப் போறணையில் மேல் சிவக்க வைத்தேன். ஆறினால்தான் வெட்ட வரும். இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, உள்ளி போடவில்லையா என்று கேட்டாள்.

இவ்வளவும் இந்த ஆறு மாதத்தில் செய்தது, நீ போன பிறகு. அதற்கு முன் இந்த வீட்டில் நான் ஒரு கீஷும் சுடவில்லை. வேலையில் காலையில் 12 அச்சு. வெண்ணெய் மணம் மேல்சட்டையில் ஏறிவிடும். வீட்டுக்கு வந்தால் சோறும் சம்பலும்தான் கண்ணில் நிற்கும். உனக்கு எட்டு வயதிருக்கும், பள்ளிக்கூடத்தில் மத்தியானம் கீஷ் தந்தார்கள் என்று வந்து, அப்பா நீங்கள் செய்வீர்களா என்று கேட்டாய். களைப்பில், கடையில் வாங்கித் தருகிறேன் என்றேன். வாங்கியும் தந்தேன், உறைய வைத்தது. அடி நனைந்து, நடு இறுகி. நீ பாதி சாப்பிட்டுவிட்டு நல்லாயிருக்கு என்றாய். அது நல்லாயில்லை, பிள்ளை. எனக்கு அது தெரியும்.

வருகிற சனி அம்மா உன்னிடம் வருகிறாள். அவளிடம் என் அச்சைக் கொடுத்துவிடுகிறேன், கறுத்த இரும்பு, அடித்தட்டு கழன்று வரும். பார்க்க ஊத்தையாக இருக்கும், ஊத்தை இல்லை. சவர்க்காரம் போட்டுத் தேய்க்காதே, சுடுதண்ணீரில் கழுவித் துடைத்து, போறணைச் சூட்டில் காயவை. நான் அடுத்த மாதம் லீவு கேட்டிருக்கிறேன், ரயில் ஒன்றரை மணி நேரம்தானே. வருகிற அன்று நீ செய், நான் தொடமாட்டேன்.

கடலைப் போத்தலும் பையில் இருக்கும். அவிக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறேன், அது உனக்கில்லை, அம்மாவுக்கு.

அன்புடன்,
அப்பா