செஸ் பணம் போய்ச் சேர்ந்த இடம் எது? தமிழகத்தின் 39 மக்களவை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

வணக்கம். ஆண்டுதோறும் ஜூன் மாதம் அலுவலகத்தில் சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்றான படிவம் 16 கைக்கு வந்ததும் அதில் ஒரு வரியில் என் கண் நின்றுவிடும்: உடல்நலம் மற்றும் கல்வி செஸ், 4 விழுக்காடு. செஸ் என்பது ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று பெயர் சொல்லி வாங்கும் கூடுதல் வரி. வருமான வரி 40,000 ரூபாய் என்றால் அதன்மேல் 1,600 ரூபாய். பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் என்று பெயர் சொல்லிக் கேட்பதால் முகம் சுளிக்காமல் கொடுக்கிறேன். ஆனால், சொன்ன இடத்துக்குத்தான் அந்தப் பணம் போனதா என்று என் சார்பில் கேட்கும் உரிமை உங்களிடம் இருக்கிறது. அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

என் ஐயம் காரணமில்லாமல் வந்ததன்று. 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட, அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கையின்படி, 2018-19 நிதியாண்டில் 35 வகை செஸ்கள், தீர்வைகள் வழியாக வசூலான 2,74,592 கோடி ரூபாயில் உரிய நிதியங்களுக்கு மாற்றப்பட்டது 1,64,322 கோடி மட்டுமே. மிச்சம் ஒன்றிய அரசின் பொதுக் கணக்கான இந்தியத் தொகுப்பு நிதியிலேயே தங்கிவிட்டது. கச்சா எண்ணெய் மீது பத்தாண்டுகளில் வசூலித்த 1,24,399 கோடி ரூபாய் செஸ், எண்ணெய்த் தொழில் வளர்ச்சி வாரியத்துக்குப் போகவேயில்லை. யாரோ கையாடிவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு காரியத்தின் பெயரைச் சொல்லி வாங்கிய பணம் அந்தக் காரியத்தின் கணக்கில் வரவு வைக்கப்படவில்லை என்றால், அந்தப் பெயரைச் சொல்லி வரி கேட்கும் தகுதி அரசுக்கு எங்கிருந்து வருகிறது என்றுதான் கேட்கிறேன்.

செஸ்ஸுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2000-ஆம் ஆண்டின் 80-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு ஒன்றிய வரிகள் எல்லாவற்றிலும் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு. செஸ்ஸிலும் கூடுதல் தீர்வையிலும் மட்டும் இல்லை. பெட்ரோல் பங்கில் வண்டிக்கு ஒரு லிட்டர் போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 மே மாதக் குறைப்புக்குப் பிறகு ஒன்றிய அரசின் கலால் வரி லிட்டருக்கு 19 ரூபாய் 90 காசாக இருந்தது. அதில் அடிப்படைக் கலால் வெறும் 1 ரூபாய் 40 காசு. மற்றவை 11 ரூபாய் சிறப்புக் கூடுதல் கலால் (இதுவும் கூடுதல் தீர்வை வகைதான்), 5 ரூபாய் சாலை செஸ், 2 ரூபாய் 50 காசு வேளாண் செஸ். மாநிலங்களின் பங்காக 15-ஆவது நிதிக்குழு சொன்ன 41 விழுக்காடு அந்த 1 ரூபாய் 40 காசுக்குத்தான் பொருந்தியது. அதாவது, ஏறத்தாழ 20 ரூபாயில் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 57 காசு. அந்த 2022 மே மாதத்தில் லிட்டருக்கு 8 ரூபாய் குறைத்ததும் சாலை செஸ்ஸில்தான் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆனாலும் வரியின் அமைப்பு மாறவில்லை.

இந்தக் குறை தில்லிக்கு மட்டும் உரியதன்று. நம் வீட்டுச் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். உள்ளாட்சிகள் வசூலித்தது முழுவதும் நூலகங்களுக்குப் போய்ச் சேருவதில்லை என்பது இங்கே பழைய புகார். சட்டமன்ற உறுப்பினர்களுக்கு அதைத் தனியே எழுதுவேன்.

உங்களிடம் எனக்குள்ள மனக்குறை வேறு. 2018 மார்ச்சில் எல்லா அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளும், அதாவது செலவுக்கு அவையிடம் கேட்கும் பணமும், விவாதமே இல்லாமல், எல்லாவற்றையும் ஒரேயடியாக வாக்குக்கு விடும் கில்லட்டின் முறையில் நிறைவேறின; 2023 மார்ச்சிலும் அதுவே நடந்தது, மறுநாள் நிதி மசோதாவும் 64 திருத்தங்களோடு விவாதமின்றி நிறைவேறியது. அவையில் அமளி, ஒத்திவைப்பு, யார் மேல் பிழை என்று இரு தரப்பும் சொல்லும் காரணங்களை நாளிதழ்களில் படித்தேன். சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 265-ஆவது உறுப்பு. அந்த அதிகாரத்தைத் தரும் கை உங்களுடையது. கேள்வி கேட்காமல் உயர்ந்த கையை எந்தக் கட்சியின் கை என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

வரும் நிதிநிலைக் கூட்டத்தொடரில் நீங்கள் ஒன்றைச் செய்தால் போதும். கட்சி வேறுபாடின்றி 39 பேரும் கையொப்பமிட்டு, நடைமுறையில் உள்ள ஒவ்வொரு செஸ்ஸிலும் கடந்த ஐந்தாண்டில் வசூலானது எவ்வளவு, உரிய நிதியத்துக்கு மாற்றியது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று நிதி அமைச்சரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். வரும் பதிலை, அது எப்படி இருந்தாலும், உங்கள் தொகுதி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒட்டுங்கள். நான் நேரில் வந்து படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வரி செலுத்தும் வாக்காளர் ஒருவர்