ஓங்கிலைப் பற்றிக் கேட்க வருகிறவர்களுக்கு

கடல் பாலூட்டிகளை ஆராயும் அறிஞர்களுக்கும் வனத்துறை, மீன்வளத்துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் கடலூர் தேவனாம்பட்டினத்து மீனவரின் மகள். சென்ற ஆண்டு ஓர் ஆய்வுக் குழு எங்கள் வீட்டுக்கு வந்தது. ஓங்கில் என்னும் டால்பின் படங்களை நீட்டி, "இதைப் பார்த்திருக்கிறீர்களா? எந்த ஆண்டு?" என்று கேட்டார்கள். அப்பா தடுமாறினார். "தெரியவில்லை" என்று எழுதிக்கொண்டு கால் மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். அந்த ஒரு சொல் இன்னும் என்னை உறுத்துகிறது.

அப்பாவுக்குத் தெரியும். சுனாமிக்கு முன்பா, தானே புயலுக்குப் பிறகா என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஆழத்தை மீட்டரில் கேட்டால் யோசிப்பார், இரு கை விரித்த அளவான பாகத்தில் கேட்டால் உடனே சொல்வார். அவர்கள் காட்டிய படத்தில் ஓங்கில் துள்ளிக் குதித்தது. அப்பா பார்ப்பதோ பெரும்பாலும் முதுகை மட்டும்தான். விடியுமுன் அதுவும் தெரியாது; எஞ்சினை நிறுத்தியதும் படகோரம் புஸ்ஸென்று மூச்சு கேட்கும், அவ்வளவுதான். முதுகில் துடுப்பே இல்லாமல் வழவழவென்று உருண்டு மறைவது எது, திமிலோடு எழுவது எது என்று அவர் பிரித்துச் சொல்வார். அவர்கள் போன பிறகு என்னிடம் ஒரு மணி நேரம் சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார். ஒருநாள் செவுள் வலையை இழுக்கும்போது கனத்தது. ஓங்கில் குட்டி. மேலே வந்து மூச்சு வாங்க முடியாமல் இறந்திருந்தது. வாலில் நைலான் இழை தசைவரை அறுத்திருந்தது. வலையை அறுத்து அதைக் கடலிலேயே விட்டுவிட்டு, கரையில் யாரிடமும் பேசாமல் வந்து படுத்துக்கொண்டார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஓங்கிலும் திமிங்கலமும் இருக்கின்றன. வேண்டுமென்றே பிடிக்காதவரும் சிறைக்கு அஞ்சி வாயை மூடிக்கொள்கிறார். நீங்கள் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டிய அந்தச் சாவுகள்தான் உங்கள் பதிவேட்டுக்கு வராமல் போகின்றன.

ஆகவே, சொல்கிறவர் பெயரை எழுதமாட்டோம், சொன்னதை வைத்து வழக்குப் போடமாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள். அதை ஊர்ப் பஞ்சாயத்தில் எல்லார் முன்னும் வாசியுங்கள். அப்படிச் செய்தால் அப்பா மட்டுமல்ல, பக்கத்துக் குப்பங்களிலும் பலர் பேசுவார்கள்.

தாமதிக்காதீர்கள். சீனாவின் யாங்சே ஆற்றில் 2006இல் பைஜி ஓங்கிலைத் தேடியவர்கள் ஒன்றைக்கூடக் காணவில்லை. பிறகு கரையோர மீனவர்களிடம் விசாரித்தபோது, இளையவர்கள் பலருக்கு அப்படியொரு உயிர் இருந்ததே தெரிந்திருக்கவில்லை. என் தம்பி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறான். கடலுக்குப் போவதில்லை.

காலை பத்து மணிக்கு மேல் அப்பா வலை தைத்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் உட்காருங்கள். முடிந்தால் ஒரு விடியலில் அவரோடு படகேறுங்கள். எழுதியதைத் தமிழில் கொண்டுவந்து எங்களுக்குப் படித்துக் காட்டுங்கள். பிழை இருந்தால் அவர் திருத்துவார்.