பாஸ்போர்ட் பிழையும் பயண நேர அலைச்சலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துபாயில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் புறப்படவிருந்த எங்கள் தெருப் பெண்மணி ஒருவரின் பாஸ்போர்ட்டில், பிறந்த நாளும் மாதமும் இடம் மாறி அச்சாகியிருந்தது, டிக்கெட் எடுத்து விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தெரிய வந்தது. தபால்காரர் கொண்டுவந்த உறையைப் பிரித்ததும் பீரோவில் பூட்டி வைப்பதுதானே நம் வழக்கம்!

இப்பிழையைப் பேனாவால் திருத்தித் தர இயலாது. மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து, 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாயும், தட்கல் என்றால் மேலும் 2,000 ரூபாயும் கட்டி, வேறு எண்ணுடன் புதிய பாஸ்போர்ட்டே வாங்க வேண்டும். எண் மாறுவதால், விமான நிறுவனத்திடமும் விசா விண்ணப்பத்திலும் கொடுத்த விவரங்களையும் மாற்றியாக வேண்டும். தண்டையார்பேட்டைவாசி இதற்காகப் பாஸ்போர்ட் சேவை மையம் உள்ள சாலிகிராமத்துக்கோ தாம்பரத்துக்கோ செல்வதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. கூலி வேலைக்குச் செல்பவருக்கு அது ஒரு நாள் சம்பளம்.

சேவை மையத்தின் ‘ஏ’ கவுன்டரில், கைரேகையும் புகைப்படமும் எடுக்கும்போதே, திரையில் தெரியும் விவரங்களைச் சரிபார்க்கச் சொல்கிறார்கள். ஆனால் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர், பின்னால் வரிசை நீளும் அந்த அவசரத்தில், தலையாட்டத்தான் செய்வார். எனவே, பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி ஆகியவற்றைத் தமிழிலும் அச்சிட்ட தாளொன்றைக் கொடுத்து, படித்துப் பார்த்த பின்னரே கையெழுத்து வாங்குமாறும், பயணத் தேதி நெருங்கியவர்களின் திருத்த விண்ணப்பங்களுக்குத் தனி வரிசை ஒதுக்குமாறும் வெளியுறவு அமைச்சகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81.