புரதம் கூடினால் சாப்பாட்டைக் குறைப்பதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில், பெயர் வெளியிட விரும்பாத அறுபது வயது வாசகி ஒருவர் தம் பரிசோதனை முடிவுகளை வரிசையாக எழுதியிருந்தார். மொத்தப் புரதம் 9.8, அதில் அல்புமின் என்ற புரதம் 3.2, ஹீமோகுளோபின் 8.9, இ.எஸ்.ஆர். (ரத்தச் சிவப்பணு படியும் வேகம்) நூறுக்கு மேல், கூடவே தீராத முதுகுவலி. அதற்கு உங்கள் டாக்டர் அருளிய பதில்: "ரத்தத்தில் புரதம் சற்று அதிகம். உணவில் புரதத்தைக் குறையுங்கள். இந்த வயதில் முதுகுவலி சகஜம்." படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. தாங்கள் நன்றாகத் தூங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

9.8-இல் 3.2 போனால் மிச்சம் 6.6. இதைக் கழிக்க டாக்டர் பட்டம் வேண்டாம். அல்புமின் போக மிஞ்சும் அந்த ரத்தப் புரதங்கள்தான் குளோபுலின்; இருக்கவேண்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதில் பெரும்பங்கு ஆன்டிபாடி, அதாவது நோய்க்கிருமியை எதிர்க்கும் புரதம். அது தட்டிலிருந்து வருவதல்ல, எலும்பு மஜ்ஜையிலுள்ள பிளாஸ்மா செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் சுரப்பது. ஈரல் கெட்டாலும் நாட்பட்ட தொற்று இருந்தாலும் குளோபுலின் ஏறும், மறுக்கவில்லை. ஆனால் எலும்பு மஜ்ஜையில் ஒரே ஒரு பிளாஸ்மா செல் தறிகெட்டுப் பெருகி, எதற்கும் உதவாத ஒரே வகை ஆன்டிபாடியைக் கொட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க, ரத்தப் புரதங்களை வகைவகையாகப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோபோரிசிஸ் என்ற பரிசோதனை இருக்கிறது. தொற்று, ஈரல் சமாச்சாரம் என்றால் வரைபடத்தில் அகலமான மேடு தெரியும். ஒரே செல் பெருகியது என்றால் ஊசி முனையாய் ஒன்று எழும்பி நிற்கும். தாங்கள் அறியாததல்ல. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இடமில்லையா?

என் மனைவிக்கு மல்டிபிள் மைலோமா, மேலே சொன்னபடி பிளாஸ்மா செல் தறிகெட்டுப் பெருகும் புற்றுநோய். முதுகுவலிக்கு நாங்கள் ஏறி இறங்காத படி இல்லை. போன இடமெல்லாம் வயதைத்தான் குற்றவாளி ஆக்கினார்கள். ஒருவர் கால்சியம் மாத்திரை எழுதினார். எலும்பு அரிபட்டு, கால்சியம் ரத்தத்தில் வந்து நிறைந்துகொண்டிருந்த நேரம் அது! ஓயாத தாகம், மலச்சிக்கல், பேச்சில் குழப்பம் என்று உடம்பு சொல்லிப் பார்த்தது. இன்னொருவர் வலி மாத்திரையை இரண்டு வேளையாக்கினார். இந்த நோயில் சிறுநீரகத்துக்கு அதைவிடக் கெடுதல் தேடினாலும் கிடைக்காது. சிறுநீரில் பட்டையை நனைத்துப் பார்த்து "புரதம்: இல்லை" என்று எழுதித் தந்த தாளை இன்றும் வைத்திருக்கிறேன். அந்தப் பட்டைக்கு அல்புமின்தான் தெரியும். சிறுநீரகத்தை அடைத்துக்கொண்டிருந்த லைட் செயின் என்ற ஆன்டிபாடித் துண்டு அதற்குப் பிடிபடாது. சூடாக்கினால் கரைந்து, ஆறினால் மறுபடி திரளும் இந்தப் புரதத்தைப் பற்றி லண்டனில் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் 1847-லேயே எழுதிவைத்துவிட்டார். எங்களுக்குச் சொல்லத்தான் ஆளில்லை. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஐந்தைத் தாண்டிய பிறகு, ஓர் இளம் டாக்டர் பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, "அம்மாவுக்குக் குளோபுலின் ஏன் இவ்வளவு?" என்று கேட்டார். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி முதல் ரிப்போர்ட்டிலிருந்தே இருந்தது.

இது முதல் தடவையும் அல்ல. "எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவது எப்படி?" என்று எத்தனை முறை முழுப் பக்கம் போட்டிருப்பீர்கள்! ஆன்டிபாடி கூடினால் நல்லதென்றால் என் மனைவியை நிமோனியா திரும்பத் திரும்பப் படுக்கையில் தள்ளியிருக்கக் கூடாது. அளவு மலைபோல் இருந்தது. உருப்படியாக வேலை செய்யும் ஆன்டிபாடிதான் அதில் இல்லை.

இதற்கு நேர்மாறாக, முன்பொரு முறை எம்.ஜி.யு.எஸ். (நோய்க்குறி ஏதுமின்றி, அந்த ஒரே வகை ஆன்டிபாடி ரத்தத்தில் சிறிதளவு தென்படும் நிலை) பற்றி "புற்றுநோயின் முதல் படி" என்று தலைப்பிட்டுக் கலங்கடித்தீர்கள். ஐம்பது வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேரிடம் அது இருக்கலாம் என்பது மின்னசோட்டா ஆய்வில் கண்டது. வருடத்துக்கு நூற்றில் ஒருவருக்குத்தான் அது முற்றுகிறது. மற்றவர்களுக்கு வேண்டியது அவ்வப்போது ஒரு பரிசோதனை, அவ்வளவுதான். அந்தக் கட்டுரையைப் படித்த என் மைத்துனர் உயில் எழுதும் வரை போய்விட்டார். பயப்பட வேண்டாத இடத்தில் பயமுறுத்துவீர்கள். பயப்பட வேண்டிய இடத்தில் தாலாட்டுவீர்கள்.

போர்டிசோமிப், லெனலிடோமைடு போன்ற மருந்துகள் வந்தபின் இந்த நோயோடு பல வருடம் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். என் மனைவிக்கும் மருந்து கேட்டது. டயாலிசிஸ்தான் இன்னும் விடவில்லை.

அந்த வாசகியின் முகவரி உங்கள் அலுவலகத்தில் இருக்கும். எலக்ட்ரோபோரிசிஸ், ஃப்ரீ லைட் செயின், கால்சியம், கிரியேட்டினின் நான்கையும் பார்த்துக்கொண்டு உடனே ஒரு ரத்தநோய் நிபுணரிடம் போகச் சொல்லி அவருக்கு ஒரு கடிதம் போடுங்கள். அவருக்கு இந்த நோய்தான் என்று நான் சொல்ல வரவில்லை; பார்க்காமல் இல்லையென்று சொல்லாதீர்கள் என்கிறேன். அதையே வரும் வாரம் அதே பகுதியில், அதே எழுத்தளவில் வெளியிட்டால் போதும். இடம் போதாதென்றால் குறுக்கெழுத்துப் போட்டியை ஒரு வாரம் நிறுத்திக்கொள்ளலாம். வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்